லாஸ் பானோஸ் போகவா, வேண்டாமா? வீட்டில் ஐந்து வயது மகள் இருக்கிறாள்

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே உரம், பூச்சி பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். என் சொந்த விஷயத்தை எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். பிறந்தது தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வேளாண்மை அலுவலர் வேலை, வயது 36. கணவர் ஒரு வேலி (சுமார் ஆறரை ஏக்கர்) நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். மகளுக்கு ஐந்து வயது, வருகிற ஜூனில் முதல் வகுப்பு. மாமியாருக்கு முழங்கால் வலி. மாமனார் இல்லை.

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டே பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் உண்டு, ஆனால் ஒரு ஆளுக்குத்தான் காணும். குறைந்தது மூன்று வருடம் ஆகும்.

ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அப்பாவின் சம்பா பத்து நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது. அதற்கு அடுத்த வருடமே வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணா சப்-1 நெல் ரகம் இந்தியாவில் வெளியானது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து எடுத்த குணம் அது. முழுகினால் பயிர் அவசரப்பட்டு நீளாது. இருக்கிற சத்தைச் சேமித்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். நம் பக்கம் சி.ஆர். 1009 சப்-1 நட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் அது வளர்ந்த பயிருக்கு. கடைமடையில் நாங்கள் புழுதியில் நேரடியாக விதைப்பவர்கள். விதைத்த மூன்றாம் நாள் மழை கொட்டித் தண்ணீர் நின்றால் விதை முளைக்காமலே மண்ணுக்குள் அழுகிவிடும். காற்றில்லாத தண்ணீருக்கடியிலும் முளைக்கிற நெல்தான் நான் தேடுவது. அதற்கான வேலை அங்கே நடக்கிறது.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பிள்ளையை விட்டுட்டு என்னடி படிப்பு?" கணவர் "உன் இஷ்டம்" என்றார். மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும்.

குடவாசல் வாத்தியார்:
வாழ்த்துகள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே வேறு யாரும் சொல்லப்போவதாகத் தெரியவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்த நிலையத்துக்கே தலைமை இயக்குநராக இருந்தவர். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பனார் அவர். நம் மண்ணிலிருந்து இன்னொருவர் போகிறார் என்றால் பெருமைதான். தைரியமாகப் போங்கள்.

பாபநாசம் பாட்டி:
வாத்தியாரே, சுவாமிநாதன் போனார் சரி. பிள்ளைகளை யார் பார்த்தது? அதையும் சேர்த்துச் சொல்லும்.

குடவாசல் வாத்தியார்:
நியாயமான கேள்வி. அவர் மனைவி மீனா சுவாமிநாதன். ஆனால் அந்த அம்மா வெறுமனே வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் இல்லை. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1972-இல் அறிக்கை கொடுத்தார்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு அந்த அறிக்கை ஓர் அடிப்படை. நாம் இன்னமும் பால்வாடி என்று சொல்கிறோமே, அந்த அங்கன்வாடி மையங்களெல்லாம் அந்தத் திட்டத்தின் கீழ் வருபவைதான். நடவுக்குப் போகிற பெண் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவாள் என்ற கேள்வியை அந்த வீட்டிலேயே ஒருவர் கையில் எடுத்திருக்கிறார்.

பாபநாசம் பாட்டி:
இது எனக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பால்வாடி சாயங்காலத்துக்குள் மூடிவிடும். ராத்திரி பிள்ளை அம்மாவைத்தான் தேடும்.

கூத்தாநல்லூர்க்காரன்:
சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். தெருவுக்குப் பாதி வீட்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். நான் 19 வருடம் வளைகுடாவில் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. ஒன்பது தடவை வந்திருக்கிறேன், ஆக மொத்தம் 18 மாதம். என் மகனுக்கு இப்போது 22 வயது. அவனோடு நான் ஒரே கூரைக்கடியில் இருந்தது, ஊருக்குத் திரும்பிய பிறகான காலத்தைக் கழித்தால், ஒன்றரை வருடம்.

நான் கிளம்பியபோது என்னை ஒருவர்கூட "பிள்ளையை விட்டுட்டுப் போறியே" என்று கேட்கவில்லை. விருந்து வைத்தார்கள், வழியனுப்ப இரண்டு வேன் திருச்சிக்கு வந்தது. உங்களை மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள்.

அதற்காக நான் போனதில் நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கேசட்டில் பேசி அனுப்புவேன், அவன் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவானாம். நேரில் போய் நின்றால் மனைவியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். கேசட்டில் இருக்கிற அத்தா வேறு, வாசலில் நிற்கிற ஆள் வேறு அவனுக்கு. இப்போது வீடியோ அழைப்பு இருக்கிறது, அந்தக் கொடுமை குறைவுதான். முழுசாகத் தீர்ந்துவிடாது.

கோரையாறு:
கோயம்புத்தூரிலேயே படிக்கலாமே? இல்லையென்றால் ஆடுதுறை இருக்கிறது. 1922-இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிற இடம். ஏடிடி 43 நெல் ரகமெல்லாம் அங்கே வந்ததுதானே? நெல்லுக்காகக் கடல் தாண்டணுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரியாமல்தான் கேட்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
கோபமெல்லாம் இல்லை தம்பி. ஆடுதுறைக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இங்கே படித்தாலும் பட்டம் பட்டம்தான். எனக்கு வேண்டியது அங்கே சேர்த்து வைத்திருக்கிற விதைகள், அந்த முளைப்புச் சோதனைத் தொட்டிகள், ஏற்கெனவே அதில் ஊறிப்போன ஆட்கள். இங்கே தனியாக ஐந்து வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்வதை அங்கே ஒரு பருவத்தில் பார்த்துவிடலாம். அப்புறம் இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு அங்கே போகணும் என்று ஆசை. பத்தொன்பது வயதிலிருந்து ஆசை. விதை, தொட்டி என்று காரணம் அடுக்குவதே அந்த ஆசைக்குச் சட்டை போட்டுவிடத்தான் என்று சில ராத்திரி தோன்றுகிறது.

கோரையாறு:
சட்டை நன்றாகத்தான் இருக்கிறது அக்கா.

ஒரத்தநாடு அத்தை:
எனக்கு 58 வயது. வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு வாங்கப்போகிறேன். மூன்று தடவை அதிகாரி பதவி உயர்வு வந்தது, மூன்று தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கினால் வடக்கே எங்காவது தூக்கிப் போடுவார்கள். பிள்ளைகள் சின்னவர்கள். நம் பக்கத்து வங்கிகளில் இப்படி எழுதிக் கொடுத்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணவே வேண்டாம், கிளைக்கு ஒருத்தி இருப்பாள்.

வருத்தமா என்றால், பெரிதாக இல்லை. பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டேன், அந்தச் சந்தோஷம் நிஜம். ஆனால் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்து வந்த அன்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது: "உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டேன்." அவன் திருப்பிச் சொன்னான், "நான் கேட்டேனாம்மா?" அவன் கேட்கவில்லைதான். மூன்று வயதுப் பிள்ளை என்னத்தைக் கேட்கும்? நானே முடிவு பண்ணி, நானே கடன் சீட்டு எழுதி, அவன் கையெழுத்தையும் நானே போட்டிருக்கிறேன். போகாமல் இருப்பதாக இருந்தால், பெண்ணுக்காக விட்டேன் என்று எந்தக் காலத்திலும் சொல்லாமல் இருக்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்.

அத்தை வளர்த்த பெண்:
இந்த இழையைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். என் அம்மா செவிலியர். எனக்கு நாலு வயதாக இருந்தபோது குவைத் போனார். நாகூரில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். நாலு வருடம் அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிட்டேன், அம்மாவைப் "போன் அம்மா" என்பேன்.

எனக்கு அம்மா மேல் கோபம் இல்லை. அந்தப் பணத்தில்தான் அப்பாவின் கடன் அடைந்தது, நான் படித்தேன். ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. அழுவேன் என்று பயந்து, நான் தூங்கும்போது கிளம்பிவிட்டார்கள். காலையில் எழுந்து வீடு முழுக்கத் தேடினேன். குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேனாம். அதற்கப்புறம் ரொம்ப நாள் அத்தை தூங்கும்போதும் அவர் சேலை நுனியை என் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன்.

அக்கா, போகிறீர்களோ இல்லையோ, அவளிடம் சொல்லாமல் மட்டும் எதுவும் செய்யாதீர்கள். ஐந்து வயதுக்குப் புரியும். எங்கே போகிறேன், எதற்காக, எத்தனை பொங்கல் கழித்து வருவேன் என்று சொன்னால் புரியும். அழட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அழட்டும்.

வெண்ணாற்றங்கரை:
இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நன்றி தங்கச்சி. என் திட்டத்தில் நானும் ராத்திரி விமானம்தான் போட்டு வைத்திருந்தேன்.

தவில்வீட்டுப் பையன்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தவில். தை முதல் ஆனி வரை அப்பாவைப் பார்க்கவே முடியாது. முகூர்த்தம், கோயில் திருவிழா, மறுபடி முகூர்த்தம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் வாசிப்பு மட்டும்தான். அதனால் எனக்கு அப்பா என்றாலே ஆடி மாதம்தான். பள்ளியில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் மே மாதத்தை எழுதுவார்கள், நான் ஆடியை எழுதுவேன்.

நான் சொல்ல வந்தது, எப்போது வருவார் என்று எங்களுக்குத் தெரியும். பஞ்சாங்கத்திலேயே இருந்தது. அது பெரிய தைரியம். நீங்களும் "லீவு கிடைச்சா வரேன்" என்று சொல்லாமல் நாட்காட்டியில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைமடை விவசாயி:
உருக்கமாக எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் கணக்குக்கு வருகிறேன். தங்கச்சி, உன் வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்றாரே, அது சம்மதம் இல்லை. அவர் இன்னும் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். அவரை உட்கார வைத்து ஒரு வருடத்தை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்கள் என்று வை. நாற்றங்கால், உழவு, நடவு. அதே ஜூனில்தான் உன் பெண் முதல் வகுப்பு போகிறாள். புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருகிறதா என்று காய வைத்து, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி அங்கேயே படுக்கணும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதும் அந்த மாதம்தான். உன் மாமியாரால் முழங்கால் வலியோடு பெண்ணைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட முடியுமா? அந்த ஒரு ராத்திரிக்கு யார் என்று பெயர் சொல்லு. பெயர் சொல்ல முடிந்தால் நீ போகலாம். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் போகாதே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கூடம் பாதி நாள் லீவு. தையில் சம்பா அறுப்பு, பொங்கல். உன் பயணத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள். அறுப்பு நேரத்தில் நீ வீட்டில் இருந்தால் அவர் களத்தில் நிம்மதியாகக் கிடப்பார்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணா, நேற்று ராத்திரி இதை அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். புரட்டாசி ராத்திரி வரைக்கும் வந்ததும் "ஒரு நிமிஷம், மறுபடி படி" என்றார். இரண்டு பேரும் விடிய விடியப் பேசினோம். அந்தப் பெயர் எங்களிடம் இல்லை. அவர் தம்பி மனைவி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், கேட்கணும். இத்தனை நாளாக அவளிடம் கேட்கவே தோன்றவில்லை.

நெய்விளக்கு:
குழந்தையையே கூட்டிக்கொண்டு போனால் என்ன?

வெண்ணாற்றங்கரை:
முதலில் நினைத்ததே அதுதான். இரண்டு நெல் ரகங்களை ஒட்டுக் கட்டுகிற நாட்களில் அதிகாலையில் வயலில் நிற்கணும். பூ விரிவதற்கு முன்னால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையை எடுத்துவிட்டு, ஒன்பது பத்து மணிக்குப் பூ விரியும்போது மறு ரகத்தின் மகரந்தத்தைத் தூவணும். அந்த நேரத்தில் தெரியாத ஊரில் அவளை யாரிடம் விடுவது? இங்கே பாட்டி, அப்பா, சித்தி, வாசலில் ஒரு கன்றுக்குட்டி என்று இருக்கிறாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காக அவளை அதிலிருந்தெல்லாம் பிடுங்கிக்கொண்டு போக மனம் வரவில்லை.

மக்கிலிங் மலையடிவாரம்:
நான் அங்கே இருந்துவிட்டு வந்தவன், பயிர் நோய்ப் பிரிவு. மூன்று தகவல் மட்டும் சொல்கிறேன். நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம் அங்கே. உங்கள் பெண் ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு போன் எடுத்தால் அங்கே இரவு பத்து. பேச அதுதான் நல்ல நேரம், ஆய்வகத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். சோற்றுக்குக் கவலை இல்லை, காலையிலேயே பூண்டு போட்டு வதக்கிய சோறு சாப்பிடுகிற ஜனங்கள். கடைசியாக, உங்கள் வழிகாட்டியிடம் வயல் சோதனையை ஊரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேளுங்கள். உங்கள் பிரச்சினையே கடைமடைப் புழுதி விதைப்பு என்றால் அந்தச் சோதனைக்கு ஏற்ற மண் இங்கேதான் இருக்கிறது. சேர்ந்தபிறகு கேட்டால் கஷ்டம்.

பாபநாசம் பாட்டி:
பூண்டுச் சோறா? காலையிலேயா? சரி சரி.

வெண்ணாற்றங்கரை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டேன். வழிகாட்டி யோசித்து, முதல் ஒன்றரை வருடம் கட்டாயம் அங்கே இருக்கணும், பாடமும் தொட்டிச் சோதனையும் முடிந்த பிறகு வயல் வேலையை இங்கே இரண்டு பருவம் செய்ய வழி பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். எழுத்தில் உறுதி இல்லை, "பார்க்கலாம்"தான். படிப்பு விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். திரும்பி வந்து வேலை பார்ப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதித் தரணும், அதில் எனக்குச் சங்கடம் இல்லை.

தம்பி மனைவியிடம் கேட்டேன். "இதைக் கேக்க இவ்வளவு நாளாக்கா?" என்றாள். அவளுக்கும் ஒரு தையல் கடை வைக்கணும் என்று ஆசை இருந்ததாம், எட்டு வருடமாக ஒரே குடும்பத்துப் பெண்களாக இருந்தும் எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் அவள் பையனை நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. மாமியாரிடமும் நேராகக் கேட்டேன். "நான் இருக்கற வரைக்கும் பாத்துக்கறேன், இல்லாமப் போனா உடனே வந்துடணும்" என்றார். அவர் மௌனத்துக்கு அர்த்தம் அதுதானாம்.

மகளிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம் அங்கே எருமை இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

இன்னும் சரி என்று எழுதி அனுப்பவில்லை. பத்து நாள் கோயம்புத்தூரில் பயிற்சி இருக்கிறது. அதை ஒத்திகையாக வைத்துக்கொண்டு அவர் தனியாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். முடிந்ததும் முடிவு.

கூத்தாநல்லூர்க்காரன்:
ஒத்திகை நல்ல யோசனை. எங்களுக்கெல்லாம் நேராக மேடைதான்.

ஒரு வேலி:
வணக்கம். நான் இவருடைய கணவர். இந்தத் தளத்தில் இன்றுதான் சேர்ந்தேன். ஒத்திகையில் இது ஆறாம் நாள். சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம் எல்லாம் ஓடுகிறது. மூன்றாம் நாள் ராத்திரி மட்டும் அம்மா வேண்டும் என்று ஒரு மணி நேரம் அழுதாள், தூக்கிக்கொண்டு வெண்ணாற்றங்கரை வரை நடந்தேன், தோளிலேயே தூங்கிவிட்டாள்.

சிக்கல் வேறு இடத்தில். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என் மனைவிக்குப் பதிலாக என்னைச் சேர்த்தார்கள். குழுவின் பெயர் "யூகேஜி அம்மாக்கள்". நான் வந்ததும் ஒருவரும் பேசுவதில்லை. நாளைக்குக் காய்கறி வேடம் என்பதே இன்று ராத்திரி எட்டரைக்குத்தான் தெரிந்தது. இவளுக்குக் கத்தரிக்காய். கடையெல்லாம் மூடியாகிவிட்டது. என்ன செய்வது என்று அந்தக் குழுவில் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

பாபநாசம் பாட்டி:
ஊதாப் பாவாடை ஏதாவது இருக்கிறதா பார் தம்பி. கழுத்துக்குக் கீழே கட்டி, உள்ளே ஒரு தலையணையை வை. தலைக்குப் பச்சைத் துண்டு, நுனியை மேலே முடிச்சுப் போட்டால் காம்பு ஆகிவிடும்.

ஒரு வேலி:
பாவாடை கிடைத்துவிட்டது. பச்சைத் துண்டு இருக்கிறது, ஆனால் அதில் பட்டையாக விவசாயச் சங்கத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது.

பாபநாசம் பாட்டி:
உள்பக்கமாகத் திருப்பிக் கட்டு.